யாரும் மீட்டிப் பார்க்காத கிட்டார்

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்றீங்களே, அந்தச் சாமான் முதல்ல உங்ககிட்ட இருந்துச்சுங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

கேட்டுவிட்டேன். தன் துப்பறியும் ஆபீசில் என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே யோகேஸ்வரி அக்கா போட்ட ஒரே சட்டம் அது. வந்தவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. கேட்டால் பொய்யர் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதற்குச் சமம்.

மேசைக்கு அடியில் அக்காவின் குதிகால் என் கால்விரலைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுபவர்களைப் பிடித்தே தலை நரைத்தவர். தேடுவதில் கெட்டிக்காரர்.

"பிரவீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்," என்றார் எதிரே இருந்த இருவரிடமும். "யுனிவர்சிட்டில வளத்து அனுப்பிட்டாங்க."

எதிரே இருந்தவர்கள் யுகேந்திரனும் அவர் மனைவி லோஷினியும். ஸ்கூடாயில் டியூஷன் சென்டர்கள் நடத்துகிறவர்கள். எங்களைக் கூப்பிட்டது லோஷினி. யுகேந்திரன் எங்களுக்கு வணக்கம் சொன்னதோடு சரி.

தொலைந்தது, யுகேந்திரனின் அப்பா சதாசிவத்தின் ஹவாயன் கிட்டார். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்க விட்டு வாசிப்பார்களே, அது. பெக்கான் நானாஸில் அன்னாசி டின் போடும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்க் கல்யாணம், மலாய்க் கல்யாணம் என்று வித்தியாசம் பார்க்காமல் வாசித்த மனிதர். போன வருடம் காலமானார். வரும் சனிக்கிழமை அவருக்கு நினைவு விழா.

"விலை ஒசந்த அமெரிக்கச் சாமான்," என்றார் லோஷினி. "இவர் பெட்டியத் தொறக்கவே விடமாட்டாரு. அப்பா ஞாபகம் வந்துருமாம். நான்தான் விழாவுக்கு முன்னால சரி பண்ணலாம்னு, அப்படியே பூட்டுன பெட்டியோட ஷரோன்கிட்ட குடுத்தேன். அவ அப்பாவும் மாமா பேண்டுலதான் இருந்தாரு. அவ ஆம்ப்ளிஃபையர், கிட்டார் எல்லாம் ரிப்பேர் பண்ணுவா. திரும்ப வந்ததும், சிங்கப்பூர்லருந்து பழைய இசைக்கருவி சேக்கறவங்களக் கூப்பிட்டேன், இவருக்கு சர்ப்ரைஸா. அவங்க பெட்டியத் தொறந்தா…"

பெட்டி மேசைமேல் திறந்தே இருந்தது. உள்ளே ஒரு சப்பைப் பலகை. மேலே முத்து மாதிரி மினுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. நடுவில் தகர மூடி, அதில் நான்கு திருகாணி.

"கக்கூஸ் மூடிக்குக் கம்பி கட்டுன மாதிரி இருக்கு," என்றேன்.

யுகேந்திரன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மேலுள்ள மரியாதை என்று நினைத்தேன்.

"அவங்களும் அதைத்தான் வேற மாதிரி சொன்னாங்க," என்றார் லோஷினி. "கத்துக்குற பிள்ளைங்களுக்குன்னு அந்தக் காலத்துல செஞ்ச மலிவுச் சரக்காம். இவர் அங்கயே சொல்லிட்டாரு, இது எங்க அப்பாவோடது இல்ல, ரிப்பேருக்கு வாங்குனவ மாத்திட்டான்னு. அன்னைக்கே போலீஸ் ரிப்போர்ட்டும் குடுத்தாச்சு."

"திருகாணிகூடத் துருப்பிடிச்சிருக்கு," என்றேன்.

அக்கா குனிந்து மூக்கைத் தகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிமிர்ந்தார். "ம்," என்றார். அந்த 'ம்' எந்த வகை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் கேள்விக்கு அத்தாட்சியாக யுகேந்திரன் ஒரு பழைய புகைப்படத்தை நீட்டினார். கல்யாண மேடை. நாற்காலியில் சதாசிவம். கிட்டார் மடியில் படுத்துக் கிடந்ததால் கேமராவுக்குத் தெரிந்தது அதன் விளிம்பு மட்டும்தான், ஒரு கறுப்புக் கோடு.

"சார், இது கிட்டாரா, இஸ்திரி பலகையா?"

"போட்டோவ விடு தங்கச்சி. இதக் கேளு." போனைத் தட்டினார். யாரோ கேசட்டிலிருந்து மாற்றிக் கொடுத்த பாட்டு. முதலில் வண்டு முனகுவது போல ஓர் இரைச்சல். பிறகு கிட்டார்.

என்ன சொல்வது? பேசத் தெரியாத பிள்ளை ஒன்று அழுகையை அடக்கிக்கொண்டு பேச முயல்கிற மாதிரி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், நடுவில் உள்ள எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனது. லோஷினிக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"இந்தச் சத்தம்," யுகேந்திரன் பெட்டியைக் காட்டினார், "இந்தச் சாமான்ல வருமா?"

நான் பலகையைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கைப் பார்த்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய உடுப்பிலேயே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. மலிவு என்பதற்காக ஒன்றைத் தள்ளுகிறவர்களோடு கல்லூரி முழுக்கச் சண்டை போட்டவள்.

"சான்ஸே இல்ல," என்றேன்.

அக்கா எழுந்தார். "வா, ஷரோனப் பாக்க பாசிர் கூடாங் போலாம்."

*

மதிய ஷிஃப்ட் மாறும் நேரம். தொழிற்சாலை வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. நீலச் சீருடையில் பெண்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார்கள். அக்கா காடியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார், இறங்கவில்லை.

"நீயே கேளு. உன் பாணியில."

"என் பாணின்னா?"

"எங்கிட்ட கேக்குற மாதிரி."

அனுமதி கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? ஷரோன் யார் என்று வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கைகாட்டினார். முப்பது வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை. பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"ஷரோன்! சதாசிவத்தோட கிட்டார எங்க வச்சிருக்கீங்க?"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. ஜன்னலோரம் இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி, "கெனாப்பா, ஷரோன்?" என்று, என்ன ஆச்சு என்பதுபோல் கேட்டாள். ஷரோன் அவளிடம் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அலமாக்… மறுபடியுமா? நீங்க போலீஸா?"

"தனியார் துப்பறிவு."

"அப்ப மெதுவா பேசலாம்லா. நான் என்ன காது கேக்காதவளா?"

"பதில் சொல்லுங்க. நல்ல கிட்டார வாங்கிட்டு மலிவுச் சாமான எதுக்குத் திருப்பிக் குடுத்தீங்க?"

அவள் முகம் சிவந்தது. "நான் வாங்குனதும் அதுதான், குடுத்ததும் அதுதான். கம்பி மாத்துனேன். அறுந்த வயர ஒட்டுனேன். வெளிப்பக்கம் தொடச்சேன். மூடிய ஒருவாட்டிதான் கழட்டுனேன், உள்ள இருந்ததக்கூட நான் தொடல. அது அங்கிளோட சாமி விஷயம், எனக்கு எதுக்கு? கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் திரும்ப மூடிட்டேன்."

"இப்ப சாமிய எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் இழுக்கல, நீங்கதான் என்னைய ரோட்டுல இழுக்குறீங்க. லைன் லீடர் வேலை வந்துச்சு. ரிப்போர்ட் முடியட்டும்னு நிறுத்தி வச்சுட்டாங்க. சர்ச்சுல பாட்டுக் குழுவுல கொஞ்ச நாள் நிக்க வேணாம்னுட்டாங்க. இந்த பஸ்ல மட்டும்தான் யாருக்கும் தெரியாது." பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். எல்லா ஜன்னலிலும் முகங்கள். "இப்ப தெரிஞ்சுருச்சு. திருப்தியா?"

படியேறிப் போனாள். உள்ளே வழக்கமான இடம் போலும், அந்த மலாய்ப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் சீட்டிலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். விடும்போது பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்த ஜிப் சத்தம் எனக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்டது மாதிரிதான் இருந்தது.

காடியில் வந்து உட்கார்ந்தேன். "ஒத்துக்க மாட்டேங்குறா."

"கேட்டுச்சு. ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு." அக்கா ஸ்கூடாய்க்கே திரும்பினார்.

*

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது அக்கா கேட்டார். "நீ கிட்டார் வாசிப்பேல்ல?"

"ஹாஸ்டல்ல ஒண்ணு வச்சிருந்தேன். மலிவுலயும் மலிவு. விரல்லதான் ரத்தம் வரும், பாட்டு வராது."

"ஏன்?"

"கழுத்துப் பலகை வளைஞ்சிரும். கம்பி ஒசரத்துல நிக்கும், அமுக்கவே முடியாது. குறுக்குக் கம்பியெல்லாம் தப்பான இடத்துல இருக்கும். எங்க அமுக்குனாலும் சுருதி சேராது."

"சரி. இந்த மடி கிட்டார்ல விரல் எதையாவது அமுக்குதா?"

"இல்ல. இரும்புதான் மேல ஓடுது."

"கம்பி ஒசரமா இருந்தா?"

"இருக்கணும். அப்பதான் இரும்பு பலகைல இடிக்காது."

"குறுக்குக் கம்பி?"

"கிடையாது. வெறும் கோடு. கண்ணுக்கு அடையாளம்."

"அப்ப மலிவுங்கறது எங்கெல்லாம் கெடுக்குமோ, அந்த இடமெல்லாம் இதுல இல்லவே இல்ல. மிச்சம் என்ன இருக்கு?"

யோசித்தேன். "பலகை. கம்பி. மூடிக்குள்ள ஒரு காந்தம்."

"விலை ஒசந்ததுல?"

விரல் விட்டு எண்ணினேன். பலகை, கம்பி, காந்தம்.

"அக்கா," என்றேன், "நாம யாருமே அத வாசிச்சுப் பாக்கல."

"ஆமா. சிங்கப்பூர்லருந்து வந்தவங்க பாக்கல. புருஷன் பொண்டாட்டி பாக்கல. போலீஸ் பாக்கல. பட்டதாரியும் பாக்கல." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சுல்ல, எல்லாருக்கும்?"

கக்கூஸ் மூடி என்று நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

*

லோஷினி கதவைத் திறந்தார். யுகேந்திரன் அதே நாற்காலியில் இருந்தார். அக்கா ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டார். விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்துக் கூடத்து மூலையில் வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபையரையும் இழுத்து வரச் சொன்னார்.

"பிரவீனா, போன்ல வீடியோ எடு. எதைத் தொறந்தாலும் படம் எடுக்கணும்."

எடுத்தேன். நான்கு திருகாணிகளும் வந்தன. அக்கா தகர மூடியை மல்லாக்கத் திருப்பினார்.

உள்பக்கம் சிவந்திருந்தது. துரு இல்லை. குங்குமம். கீழே சந்தனம், மேலே குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். அடை அடையாகக் காய்ந்து, நத்தை ஓடு மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. பழைய பூஜை அறையின் வாசனை கூடத்துக்குள் பரவியது.

"ஆயுத பூசைக்கு அரிவாளுக்குப் பொட்டு வைப்போம், காடிக்கு வைப்போம்," என்றார் அக்கா. "சதாசிவம் இதுக்கு வச்சிருக்காரு. வெளிய வச்சா வாசிக்கும்போது கையில ஒட்டும்னு, மூடியக் கழட்டி உள்பக்கம். வருஷா வருஷம், பழசத் தொடைக்காம. இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்ற கனம் இல்ல." அவர் யுகேந்திரனைப் பார்க்காமல் லோஷினியைப் பார்த்தார். "ஷரோன் சர்ச்சுக்குப் போற பொண்ணு. அவ மாத்தி வச்ச கிட்டார்னா இதுக்கு யாருமா வருஷா வருஷம் பொட்டு வச்சா?"

லோஷினி குனிந்து குங்குமத்தை முகர்ந்து பார்த்தார்.

அக்கா வயரைச் செருகினார். ஆம்ப்ளிஃபையர் விழித்து, வண்டு முனகுவது போல இரைந்தது. காலையில் கேசட் பாட்டில் கேட்ட அதே இரைச்சல். பெட்டி மூலையில் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "அழுத்தாத. சும்மா வச்சு வழுக்கு."

போனை நிறுத்தாமல் மேசையில் சாய்த்து வைத்தேன். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் சில்லென்றிருந்தது. ஒரே ஒரு கம்பியைத் தட்டி, இரும்பை நகர்த்தினேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு நான் தேவைப்படவே இல்லை. ஒரே சுரம் கூடம் முழுக்க எழும்பி, நடுங்கி, இறங்க மனமில்லாமல் நின்றது.

"போதும்," என்றார் யுகேந்திரன். "அப்பா… போதும்."

அவர் யாரைக் கூப்பிட்டார் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

லோஷினி மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"சின்ன வயசுலேருந்து. ஸ்கூல்ல என் பேரே கக்கூஸ் மூடி. கண்ண மூடிட்டுக் கேட்டா எங்க அப்பா ராஜா. கண்ணத் தொறந்தா அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, வேல முடிஞ்சு வந்த அன்னாசி நாத்தத்தோட. ஒனக்குச் சொன்னேன், உங்க வீட்டுக்குச் சொன்னேன், அமெரிக்கச் சாமான்னு. யாரு தொறந்து பாக்கப் போறான்னு…" முகத்தைத் துடைத்தார். "வந்தவங்கள்ல ஒருத்தன் சிரிச்சான். சின்னதா. அந்தச் சிரிப்ப நான் ஸ்கூல்லயே பாத்திருக்கேன். வாயில வந்தத சொல்லிட்டேன்."

"வாயில வந்தது ஷரோன் பேரு," என்றேன்.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லோஷினி பின்னாலேயே போனார்.

எனக்குள் ஓர் ஓரத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. எங்கள் அக்கா! "எப்ப கண்டுபிடிச்சீங்க? ஷரோன் சாமி விஷயம்னு சொன்னப்பவா?"

அக்கா கிட்டாரை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். "காலையில. நீ துருன்னு சொன்னப்ப. துருவுக்குச் சந்தன வாசனை வராது."

"காலையிலயேவா?"

"ம்."

"அப்புறம் எதுக்கு பாசிர் கூடாங்?"

"அந்தப் பொண்ணு உள்ள இருந்ததப் பத்தி தானா சொல்றாளான்னு பாக்கணும். நிதானமா கேட்டா யோசிச்சுப் பேசுவாங்க. கோவத்துல இருக்கறவங்களுக்குப் பொய் சேக்க நேரமிருக்காது. கோவப்படுத்த ஒரு ஆள் வேணும்." கடைசித் திருகாணியை இறுக்கினார். "நீ இருந்த."

நான் துப்பறியப் போனதாக நினைத்திருந்தேன். ஒரு பெண்ணைச் சுரண்டிப் பார்க்க அக்கா பயன்படுத்திய தகரத்துண்டு நான். என் கோபம் நியாயத்துக்கென்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். வேறொருத்தர் சாவி கொடுத்தால் ஓடுகிற சாமான் அது. அந்த ஜன்னல் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

இருவரும் திரும்பி வந்தார்கள். யுகேந்திரனின் தலைமுடி ஈரமாக வாரப்பட்டிருந்தது. பேசியது லோஷினி, தரையைப் பார்த்தபடி.

"மேடம், சனிக்கிழமை விழா. அழைப்பெல்லாம் போயிருச்சு. ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கிறோம். ஷரோன் சாமானத் திருப்பிக் குடுத்துட்டாள்னும், நாங்க மன்னிச்சுட்டோம்னும் சொல்லிர்றோம். அவளுக்கும் நல்லதுதானே? கேஸ் இருக்காது."

"திருடுனவ, ஆனா திருப்பிக் குடுத்தவ," என்றேன். "ரொம்ப நல்லது. போஸ்டர்லயே போடுங்க."

"தங்கச்சி," யுகேந்திரன் கைகூப்பினார். நிஜமாகவே கூப்பினார், அதுதான் கொடுமை. "எங்க டியூஷன் பிள்ளைங்க என்னைய நிமிந்து பாக்கறாங்க. அந்த வீடியோவ மட்டும் அழிச்சிரு."

அவர் வெட்கத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. காலையில் அதே வெட்கம்தான் என் வாயிலிருந்து நகைச்சுவையாக வந்தது. ஆனால் அவர் வெட்கத்தைச் சுமக்க வேறொருத்தி தோள் எதற்கு?

அக்காவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

"உண்மையக் கண்டுபிடிக்கறது நம்ம வேலை," என்றார் அக்கா. "அத என்ன பண்றதுங்கறது கூப்பிட்டவங்க வேலை. போனக் குடு பிரவீனா."

"இது என் போன்."

"வேலைல எடுத்த படம்."

"அப்ப வேலைய நீங்க வச்சுக்குங்க. படத்த நான் எடுத்துக்குறேன்."

"யோசிச்சுப் பேசு. வெளிய போனா ஆபீஸ் பக்கம் வரக்கூடாது."

"நான் கோவத்துல இருக்கேன்க்கா. யோசிக்க நேரமில்ல. நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தூங்கும் பிள்ளையை மடியிலிருந்து தூக்குவது போலக் கிட்டாரை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தேன். போனை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். உள்ளே லோஷினி அழத் தொடங்கியிருந்தார். யுகேந்திரன், "தங்கச்சி, ஒரு நிமிஷம்," என்று கூப்பிட்டார். எந்த நிமிஷமும் அவருக்குப் போதாது என்று தோன்றியது.

காலையில் லோஷினி கொடுத்திருந்த நம்பரில், வீடியோவை முதலில் ஷரோனுக்கு அனுப்பினேன். யுகேந்திரன் மறைத்தது, மலிவு என்று வெட்கப்பட்டது, ஷரோன் பேரைச் சொன்னது எல்லாம் அதில் இருந்தது, என் குரல் உட்பட. கீழே ஒரு வரி எழுதினேன். 'ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கப் போறேன். நீங்க வர வேணாம், நீங்க ஒண்ணும் பண்ணல.'

அக்காவின் காடியில்தான் வந்திருந்தேன். வெயிலில் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.